காபிக் கடையில் பிறந்த மேடை

காலை ஏழரை, எட்டு மணி வாக்கில் பட்டாபிராம் ரயில்வே ஸ்டேஷனில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆபீஸ் போகிறவர்கள், பூக்கூடைகள், டிபன் கேரியர்கள் இவற்றுக்கு நடுவே சில இளைஞர்கள் மட்டும் தனியாகத் தெரிவார்கள். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கழுத்தில் அடையாள அட்டை. கையில் சுருட்டிய சார்ட் பேப்பர், அல்லது பழைய வேட்டியில் சுற்றிப் பத்திரமாக அணைத்துப் பிடித்த தெர்மாகோல் பாலம். யாராவது இடித்துவிட்டால் பாலம் போச்சு! உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஸ்லோகமோ என்று நினைத்துவிடாதீர்கள். 'ரெஸ்பெக்டட் ஜட்ஜஸ்...' என்று ஆரம்பிக்கிற மனப்பாடம் அது.

ஆவடி, பூந்தமல்லி, திருநின்றவூர் என்று இந்த வட்டாரம் முழுக்க இன்ஜினீயரிங் காலேஜ்கள். 'சிம்போசியம்', 'பேப்பர் பிரசன்டேஷன்' என்ற இரண்டு வார்த்தைகள் தெரியாத வீடே இங்கு இருக்காது. பிள்ளை பத்து நிமிஷம் பேசுவான். நடுவர்கள் நாலு கேள்வி கேட்பார்கள். சர்ட்டிபிகேட் கிடைக்கும். படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் இது விடுவதில்லை. 'வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன சிவில் இன்ஜினீயர்கள், உங்கள் யோசனையைச் சொல்லுங்கள், பரிசு தருகிறோம்' என்று சங்கங்கள் போட்டி வைக்கின்றன.

இந்த வழக்கத்தை யார் ஆரம்பித்தது? அனுபவமே இல்லாத ஒரு சின்னப் பையன் பாலம் கட்டுவதைப் பற்றிப் பேச, நரைத்த தலைகள் உட்கார்ந்து கேட்பது என்பது லேசான காரியமா? நம் வீடுகளில் மாடியில் ஒரு ரூம் எடுப்பதற்கே 'உனக்கு என்னடா தெரியும், மேஸ்திரியைக் கூப்பிடு' என்பார்கள்!

1818-ம் வருஷம். ஜனவரி 2-ம் தேதி. லண்டனில் ஃப்ளீட் தெரு. அங்கே கெண்டல் காபி ஹவுஸ் என்ற கடையில் சில இளைஞர்கள் கூடினார்கள். ஹென்றி ராபின்சன் பாமர் என்பவர்தான் முக்கிய ஆள். ஜோஷுவா ஃபீல்ட் என்று இன்னொருவர். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பையன்கள். மூத்தவருக்கே முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயசுதான்.

அந்தக் காலத்தில் சிவில் இன்ஜினீயரிங்குக்கு இங்கிலாந்தில் காலேஜ் கிடையாது. ஒரு பெரிய இன்ஜினீயரிடம் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். அவர் சொல்வதைச் செய்ய வேண்டும், அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். நம்ம ஊர் பட்டறையில் எடுபிடியாகச் சேர்கிற கதைதான். பெரியவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. ஜான் ஸ்மீட்டன் என்ற மேதை காலத்தில், 1771-ல் ஆரம்பித்தது. பிரமாதமாகச் சாப்பிடுவார்கள், பேசுவார்கள். சின்னப் பையன்களுக்கு அங்கே இடம் ஏது?

'அவர்கள் கூப்பிடாவிட்டால் போகட்டும், நமக்கு நாமே சொல்லிக்கொள்வோம்' என்பதுதான் பாமர் கோஷ்டியின் திட்டம். ஒருத்தர் தன் வேலையில் பார்த்ததைச் சொல்வது, மற்றவர்கள் கேள்வி கேட்பது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினீயர்ஸ்'. இன்று உலகம் முழுக்கக் கிளை பரப்பி நிற்கிற அந்தச் சங்கம் பிறந்தது இப்படி, காபி வாசனையில்!

(பாமர் பற்றி ஒரு உபகதை. சுருள் சுருளாக மடித்த இரும்புத் தகடு இருக்கிறதே, நாம் 'தகர ஷீட்' என்போமே, அதற்கு 1829-ல் பேடன்ட் வாங்கியவர் இவர்தான். சைக்கிள் ஸ்டாண்ட் முதல் ரயில்வே கிடங்கு வரை, பட்டாபிராமில் நீங்கள் பார்க்கிற கூரைகளில் பாதி அவருக்குக் கடன்பட்டவை. ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கும் 1821-லேயே பேடன்ட் எடுத்தார். மோனோ ரயில்! பூந்தமல்லிக்கு அது வரப்போகிறது என்று 2011-க்குப் பிறகு நாம் எவ்வளவு பேசினோம்... வரவில்லை. விடுங்கள்.)

ஆரம்பித்தார்களே தவிர, சங்கம் முதல் இரண்டு வருஷம் ஈ ஓட்டியது. பையன்கள் பேசுவதை பையன்களே கேட்டுக்கொண்டிருந்தால் ஊர் மதிக்குமா? ஒரு பெரிய மனுஷர் தேவைப்பட்டார். பாமர் ஒருவரைக் கைகாட்டினார். தாமஸ் டெல்ஃபோர்ட்.

டெல்ஃபோர்ட் ஆடு மேய்ப்பவரின் மகன். ஸ்காட்லாந்தில் கல் கொத்தும் வேலையில் ஆரம்பித்து, ரோடு, கால்வாய், பாலம் என்று பிரிட்டன் முழுக்கக் கட்டியவர். அவர் 1820-ல் தலைவர் பதவியை ஒப்புக்கொண்டதும் சங்கத்துக்கு உயிர் வந்தது. ஒரு நிபந்தனையும் வந்தது. சேருகிறவர்கள் சும்மா சந்தா கட்டிவிட்டு உட்காரக்கூடாது. ஒரு கட்டுரையோ, வரைபடமோ, ஒரு புத்தகமோ சங்கத்துக்குத் தந்தாக வேண்டும். கட்டுரையைப் படித்துக் காட்ட வேண்டும், விவாதிக்க வேண்டும். நம்ம பிள்ளைகள் 'பேப்பர் போடுறேன்' என்கிறார்களே, அந்தப் பேப்பர் இதுதான்.

இதுவரை எல்லாம் சுபம். இனிமேல்தான் சிக்கல். இளைஞர்களுக்கு மேடை கொடுத்த இதே டெல்ஃபோர்ட், ஒரு போட்டியில் நடுவராக உட்கார்ந்து என்ன செய்தார் தெரியுமா?

பிரிஸ்டல் நகரத்துக்குப் பக்கத்தில் கிளிஃப்டன் என்று ஓர் இடம். ஏவன் ஆறு கீழே அதலபாதாளத்தில் ஓடும். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை. வில்லியம் விக் என்ற ஒயின் வியாபாரி 1754-ல் இறக்கும்போது ஆயிரம் பவுண்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். 'இது வட்டி போட்டுப் பத்தாயிரம் ஆனதும் இங்கே ஒரு பாலம் கட்டுங்கள்' என்று உயில். எழுபத்தைந்து வருஷம் பொறுமையாக வட்டி சேர்ந்தது. 1829-ல் எட்டாயிரம் ஆகியிருந்தது. இனிப் பொறுக்க முடியாது என்று ஊர்ப் பெரியவர்கள் கமிட்டி போட்டுப் போட்டியை அறிவித்தார்கள். பரிசு நூறு கினி.

22 பேர் வரைபடம் அனுப்பினார்கள். அதில் ஒரு பையன், வயசு 23. பெயர் இஸம்பார்ட் கிங்டம் புரூனல். தேம்ஸ் நதிக்கு அடியில் அப்பா தோண்டிய சுரங்கப்பாதையில் வேலை பார்த்தபோது, 1828 ஜனவரியில் வெள்ளம் உள்ளே புகுந்து, செத்துப் பிழைத்தவன். சுரங்க வேலை நின்றுவிட்டது. கையில் வேறு வேலை இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால் 'ரெஸ்யூமே'யில் போட்டுக்கொள்ள தன்னுடையது என்று ஒரு பாலம்கூடக் கிடையாது. ஆனால் அவன் அனுப்பியது ஒன்றல்ல, நாலு வரைபடம்! எல்லாமே தொங்கு பாலம். ஒரே தாவலில் பள்ளத்தாக்கைத் தாண்டும் பாலம்.

நடுவராக வந்த டெல்ஃபோர்டுக்கு அப்போது 72 வயசு. மெனாய் நீரிணையில் சுமார் 580 அடி இடைவெளிக்குத் தொங்கு பாலம் கட்டி 1826-ல் திறந்தவர். அதைவிட நீளமானது அன்று பிரிட்டனில் இல்லை. அவரைவிடப் பொருத்தமான நடுவர் யார் இருக்க முடியும்? அவர் எல்லா வரைபடத்தையும் பார்த்தார். எல்லாவற்றையும் நிராகரித்தார். அறுநூறு அடிக்கு மேல் தொங்கவிட்டால் காற்று தாங்காது என்றார். 'சரி, நீங்களே ஒன்று போட்டுக் கொடுங்கள்' என்றது கமிட்டி. அவரும் போட்டுக் கொடுத்தார்!

பள்ளத்தாக்கின் அடியிலிருந்து கோபுரம் மாதிரி இரண்டு ராட்சதத் தூண்களை எழுப்பி, இடைவெளியை மூன்றாகப் பிரித்துத் தொங்கவிடும் திட்டம் அது. நடுவரே ஆட்டத்தில் இறங்கினால் என்ன ஆகும்? முதலில் கமிட்டி கைதட்டியது. படத்தை அச்சடித்துப் பார்த்ததும் ஊர் சிரிக்க ஆரம்பித்தது. புரூனல் மரியாதையாக, ஆனால் சுருக்கென்று தைக்கிற மாதிரி ஒரு கடிதம் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டான்.

இந்த இடத்தில் டெல்ஃபோர்டை வில்லனாக்கிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. அவருடைய மெனாய் பாலமே திறந்த கொஞ்ச நாளில் புயல் காற்றில் ஆட்டம் கண்டு சேதமானது. பிரைட்டன் கடற்கரைத் தொங்கு மேடையை 1833-லும் 1836-லும் காற்று பிய்த்துப்போட்டது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1940-ல், அமெரிக்காவில் டகோமா பாலம் காற்றில் பாம்பு மாதிரி நெளிந்து விழுந்ததைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். காற்றுக்குப் பயந்தவர் முட்டாள் இல்லை. ஆனால், தான் போன தூரம்தான் உலகத்தின் எல்லை என்று ஒரு நடுவர் நினைத்துவிட்டால், அடுத்தவன் எப்படி அதைத் தாண்டுவான்?

1830 கடைசியில் இரண்டாவது போட்டி வைத்தார்கள். இந்தமுறை நடுவர் டேவிஸ் கில்பர்ட். ராயல் சொஸைட்டியின் முன்னாள் தலைவர், கணிதத்தில் புலி. மெனாய் பாலத்துக்கே சங்கிலிக் கணக்குச் சொன்னவர். அவர் முதலிடம் கொடுத்தது வேறொருவருக்கு! புரூனலுக்கு இரண்டாம் இடம். சங்கிலி, இணைப்பு என்று சில குறைகளைக் குறிப்பிட்டிருந்தார்.

சாதாரணப் பையனாக இருந்தால் 'செகண்ட் பிரைஸ்' சர்ட்டிபிகேட்டை வாங்கி பிரேம் போட்டு மாட்டியிருப்பான். புரூனல் நேராக கில்பர்ட்டைப் போய்ப் பார்த்தான். உட்கார்ந்து ஒவ்வொரு குறைக்கும் பதில் சொன்னான், கணக்குப் போட்டுக் காட்டினான். விளைவு, தீர்ப்பு மாறியது. 1831 மார்ச்சில் புரூனல்தான் முதல் என்று அறிவித்தார்கள். ரசனை என்கிற ஆபத்தான விஷயத்தில் அடித்துக்கொண்டிருந்த பதினைந்து பேரை ஒரே கருத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன் என்று மைத்துனருக்குப் பெருமையடித்துக் கடிதம் எழுதினான். வயசு 24 தானே!

(பரிசளித்த பிறகு நடுவரைத் தனியாகச் சந்தித்துத் தீர்ப்பை மாற்றுவது நியாயமா என்று கேட்டால், இன்றைய விதிமுறைப்படி அவனை 'டிஸ்குவாலிஃபை' செய்திருப்பார்கள். முதலிடத்தை இழந்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் எனக்கும் கொஞ்சம் உறுத்தல்தான்.)

பாலம் உடனே வந்துவிடவில்லை. பிரிஸ்டலில் கலவரம், பணத் தட்டுப்பாடு. 1843-ல் வேலை அப்படியே நின்றது. இரண்டு மொட்டைத் தூண்கள் மட்டும் நின்றன. அதற்குள் புரூனல் ரயில் பாதை, கப்பல், சுரங்கம் என்று எங்கேயோ போய்விட்டார். (இனி 'அவன்' என்று சொல்ல முடியாது!) 1859-ல் 53 வயசில் இறந்தும் போனார். அப்போது, காபிக் கடையில் பிறந்த அந்தச் சங்கத்து இன்ஜினீயர்கள் கூடினார்கள். 'இதை முடிப்பதுதான் அவருக்கு நினைவுச் சின்னம்' என்று முடிவெடுத்தார்கள். லண்டனில் அவர் கட்டிய ஹங்கர்ஃபோர்டு பாலத்தை அப்போது பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கிலிகளையே வாங்கி வந்து மாட்டினார்கள். 1864 டிசம்பரில் கிளிஃப்டன் பாலம் திறந்தது. இடைவெளி 702 அடி. இன்றும் கார் போகிறது.

டெல்ஃபோர்ட் என்ன ஆனார்? 1834-ல் இறந்தார். உயிலைப் பிரித்துப் பார்த்தால் சங்கத்துக்கு 2,000 பவுண்டு. அதன் வட்டியில் வருஷாவருஷம் நல்ல கட்டுரைகளுக்குப் பரிசு தர வேண்டுமாம். 1835-லிருந்து டெல்ஃபோர்ட் பதக்கம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மாணவர் கட்டுரைகளுக்கு மில்லர் பரிசு என்று பிற்பாடு ஒன்று வந்தது. இளம் இன்ஜினீயர்களுக்கென்று அதே சங்கம் நடத்தும் 'எமர்ஜிங் இன்ஜினீயர்ஸ்' விருது வரை அந்த வரிசை நீள்கிறது. 23 வயசுப் பையனின் படத்தைத் தூக்கியெறிந்த கிழவர்தான், அவனைப் போன்றவர்களுக்குப் பரிசும் வைத்துவிட்டுப் போனார்!

சரி, லண்டனை விட்டு நம்ம பக்கம் வருவோம்.

கிளிஃப்டன் அமளி ஓய்ந்து ஐந்து வருஷம். 1836. மெட்ராஸில் கேப்டன் ஆர்தர் காட்டன் என்று ஓர் இன்ஜினீயர். வயசு 33. கொள்ளிடத்தில் முக்கொம்பு அணைக்காக நாம் நினைவு வைத்திருக்கும் அதே காட்டன். ரோடு போடுவதற்கு செங்குன்றத்திலிருந்து கல் கொண்டுவர வேண்டும். மாட்டு வண்டி தள்ளாடுகிறது. காட்டனுக்கு ஒரு யோசனை, தண்டவாளம் போட்டால் என்ன? 'தண்டவாளமா? அது எதற்கு?' என்று கேட்கிற காலம். பம்பாயில் ரயில் ஓட இன்னும் பதினேழு வருஷம் இருக்கிறது.

காட்டன் தரப்பில் என்ன செய்தார்கள் தெரியுமா? சிந்தாதிரிப்பேட்டை பாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் போட்டுக் காட்டினார்கள். கல் ஏற்றிய வண்டியை ஒரே கையால் தள்ள முடிந்தது. வேடிக்கை பார்க்கப் போய்வாருங்கள், பார்க்கத்தக்கது என்று கெஸட்டிலேயே குறிப்பு வந்தது. இதைவிட நல்ல 'மாடல் டெமான்ஸ்ட்ரேஷன்' உண்டா? அடுத்த வருஷம், 1837-ல், செங்குன்றம்-சிந்தாதிரிப்பேட்டை ரயில் பாதை வந்துவிட்டது. பெரும்பாலும் கால்நடைகள் இழுத்த வண்டிகள்தான். ஆனாலும் இந்தியாவின் முதல் ரயில் பாதை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பயணிகள் ரயில் நம் தென்னிந்தியாவில் ஓடியது 1856 ஜூலை 1-ம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு. இன்றைய பட்டாபிராம் ஸ்டேஷன் இருப்பது அந்தப் பாதையில்தான்.

எல்லா யோசனைக்கும் சிந்தாதிரிப்பேட்டை கிடைக்கவில்லை. பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் யோசனையை எடுத்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் சமஸ்தானத்தில் பிரதானியாக இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789 வாக்கிலேயே அதற்கு ஆள் அனுப்பிப் பார்த்தவர். 1808-ல் கேப்டன் கால்டுவெல் போய்ப் பார்த்துவிட்டு, வெறும் கற்பனை, இனி யோசிக்கவே லாயக்கில்லை என்கிற மாதிரி அறிக்கை எழுதினார். அவ்வளவுதான், ஃபைல் மூடியது. கிளிஃப்டனில் மாதிரி எதிர்த்துக் கேட்க ஒரு கூட்டம் இல்லை, இரண்டாவது போட்டி இல்லை. நடுவில் யார் யாரோ திறந்தார்கள், மூடினார்கள். பென்னிகுயிக் வேலையை ஆரம்பித்தது 1887-ல். எழுபத்தொன்பது வருஷம்! அதற்குள் மதுரைச் சீமை எத்தனை பஞ்சம் பார்த்துவிட்டது. 1876-78 தாது வருஷப் பஞ்சம் ஒன்று போதாதா?

அரசாங்க ஃபைலில் ஜூனியர் எழுதியதை சீனியர் வெட்டினால் வெட்டியதுதான். இதற்கு வெளியே இந்தியர்களும் சேர்ந்து பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் முதல் உலகப்போர் சமயத்தில் வலுத்தது. 'இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினீயர்ஸ் (இந்தியா)' அப்படிப் பிறந்ததுதான். தலைமையகம் கல்கத்தா, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு தொடங்கிவைத்தது 1921-ல் அங்கே. ஆனால் 1920 செப்டம்பர் 13-ம் தேதி அதைச் சட்டப்படி பதிவு செய்த ஊர் எது தெரியுமா? நம்ம மெட்ராஸ்! சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் அதன் தமிழ்நாடு மையம் இருக்கிறது. கான்கிரீட்டுக்கென்றே ஒரு சங்கம், இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிடியூட், 1982-ல் சென்னையில்தான் ஆரம்பித்தது. பேப்பரைச் சுமந்துகொண்டு மின்சார ரயில் ஏறுகிற பிள்ளைகளுக்குப் போக இடங்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. இது போட்டி இல்லை. நடுவரே இல்லாத ஒரு பரீட்சை.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்கு முன்பு தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியது. பயணிகளோடு ஒரு ரயிலே போனது. பாம்பன் பாலத்தின் 146 கண்களில் 126 கண்களின் கர்டர்களைக் கடல் அடித்துக்கொண்டு போய்விட்டது. கப்பலுக்குத் திறந்து வழிவிடும் நடுப்பகுதி மட்டும் தப்பியது. ராமேஸ்வரம் துண்டிக்கப்பட்டுவிட்டது. ஆறு மாசத்தில் சரிசெய்கிறோம் என்றது ரயில்வே. தெற்கு ரயில்வே ஜெனரல் மேனேஜர் 'மூன்று மாசம்' என்று குறைத்தார். பொறுப்பை ஒப்படைத்தது 32 வயசு இன்ஜினீயரிடம். வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம். பெயர் ஈ.ஸ்ரீதரன். ஆமாம், பின்னாளில் கொங்கண் ரயிலும் டெல்லி மெட்ரோவும் கட்டிய ஸ்ரீதரனேதான்.

புது கர்டர்கள் செய்ய நேரமில்லை. நாட்டில் எங்கெங்கே உபரியாகக் கிடக்கிறதோ அதையெல்லாம் திரட்டிக் கொண்டுவருவதாகத் திட்டம். அப்போதுதான் ஒரு மீனவர் வந்து சொன்னார், கடலுக்கடியில் கர்டர்கள் கிடக்கின்றன என்று. போய்ப் பார்த்தார்கள். கிடந்தன! ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். தண்ணீருக்கு அடியில் கிடந்ததை எடுத்து அதே தூணில் உட்காரவைப்பது முதலில் ஆமை வேகத்தில்தான் நடந்தது. போகப்போக கை பழகி வேகம் பிடித்தது. 46-வது நாள் பாலம் தயார்.

ரயில்வே மந்திரியின் விருது ஸ்ரீதரனுக்குக் கிடைத்தது. ரொக்கம் ஆயிரம் ரூபாய். அந்தப் பாலத்தில் 2022 டிசம்பர் வரைக்கும் ரயில் ஓடியது. பக்கத்தில் கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கர்டர் கிடந்த இடத்தைக் காட்டிய மீனவரை, இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் 'ஒரு மீனவர்' என்றுதான் சொல்கிறார்கள். நானும் இங்கே அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.